கௌரியின் பூட்ஸ்

அக்கா மகள் இன்று காலை கைப்பேசியில் ஒரு விளம்பரத்தாள் அனுப்பியிருந்தாள். பள்ளிப் பூப்பந்துக் குழுவுக்கு நிதி திரட்டுகிறார்களாம். "மாமா, நீங்கதான் முன்ன இதெல்லாம் செஞ்சீங்களே, ஒருக்கா பார்த்துச் சொல்லுங்கலா" என்று குரல்பதிவு வேறு. பார்த்தேன். நாள், நேரம், இடம் எல்லாம் பளிச்சென்று இருந்தன. நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டுவிட்டுச் சாய்ந்துகொண்டேன். இப்போதெல்லாம் ஒரு தாளைப் பார்த்தால்கூடக் களைப்பாகிவிடுகிறது.

அவள் சொன்ன அந்த 'முன்ன', நான் ஈப்போவில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சூடான தாளும் மையும் கலந்த வாடை சட்டையிலேயே தங்கிவிடும். இரண்டு முறை குளித்தாலும் போகாது. கணினியில் தமிழ் தட்டச்சு செய்யத் தெரிந்தவன் அந்தத் தெருவிலேயே நான் ஒருவன்தான். தலைக்கனத்துக்குக் கேட்க வேண்டுமா?

செல்வி அக்கா என்று ஒருவர் அந்தக் கடைக்கு வந்தார். சிம்பாங் பூலாய் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் வீடு. பகலில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை, மாலையில் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்குக் காற்பந்துப் பயிற்சி. லூமுட்டில் போட்டி. பஸ்ஸுக்கும் பிள்ளைகளின் பூட்ஸுக்கும் பணம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலம் விற்கப்போகிறோம், ஒரு நோட்டீஸ் அடித்துக் கொடு என்றார்.

என் திறமை முழுவதையும் இறக்கினேன். எட்டு வகை எழுத்து, ஓரமெல்லாம் பூ, நெருப்புப் பறக்கும் பந்து, நானே எழுதிய இரண்டு வரிக் கவிதை. செல்வி அக்கா பொறுமையாகப் படித்தார்.

"எல்லாம் அழகா இருக்கு தம்பி. சாப்பாடு எங்க விக்கிறோம்?"

இடத்தைப் போட மறந்திருந்தேன்.

அந்த ரோஷத்தில்தான் அடுத்ததில் படம் வேண்டும் என்று கடைக் கேமராவைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பாடாங்குக்கு, பிள்ளைகள் விளையாடும் திடலுக்குப் போனேன். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பாதிப்பேர் வெறுங்கால், மற்றவர்கள் பள்ளிக்கூடச் சப்பாத்து. கௌரி என்ற பெண் மட்டும் நீலக்கோடு போட்ட புது பூட்ஸ். அவளுடைய அப்பா முனியாண்டி பால்மரம் வெட்டுபவர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போய் வாங்கிக் கொடுத்தது. கேமரா வழியாகப் பார்த்தால் அந்த பூட்ஸ்தான் கண்ணில் பட்டது.

"கௌரி, அதக் கொஞ்சம் கழட்டிரும்மா. படத்துக்குத்தான்."

"இது புதுசுண்ணே."

"அதனாலதான்."

கழற்றினாள். காலுறையைச் சுருட்டி உள்ளே வைத்தாள். சின்ன உருவம் என்பதால் முன்னால் நிறுத்தினேன்.

"சிரிக்கவா அண்ணே?"

"வேணாம்."

இந்த முறை கவிதை இல்லை. பெரிய படம், கீழே 'இந்தப் பிள்ளைகளுக்குக் காலணி வேண்டும்' என்று ஒரே வரி, இடம், நேரம். சிம்பாங் பூலாயிலிருந்து ஈப்போ வரை சாப்பாட்டுக் கடைகளில் ஒட்டினோம். தொலைபேசி ஓயவில்லை. முதலாளியே முதுகில் தட்டினார்.

வியாழக்கிழமை முனியாண்டி அண்ணன் கடைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"இது என் மக, தம்பி."

"ஆமாண்ணே."

"அவளுக்கு பூட்ஸ் இருக்கு. நான்தான் வாங்கிக் குடுத்தேன். ஒரு ஜோடி வாங்கித் தர முடியலையான்னு சாப்பாட்டுக் கடையில எல்லாரும் கேக்குறாங்க. வெளிய தலகாட்ட மாலுவா இருக்கு, வெக்கமா இருக்கு."

கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன் என்றேன். தலையசைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே செல்வி அக்காவிடம் சொன்னேன். "இப்ப எடுத்தா ஞாயித்துக்கிழமை யாரு வருவா? மூணு நாள்தானே தம்பி. நான் அவருகிட்ட பேசிக்கிறேன்" என்றார். முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். உண்மையில், எடுக்க வேண்டாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன். தாள்கள் அப்படியே இருந்தன.

பிரியாணி மத்தியானத்துக்குள் தீர்ந்தது. எல்லோருக்கும் பூட்ஸ் வந்தது. லூமுட்டில் முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். பஸ்ஸில் கௌரி இல்லை. கூப்பிடப் போன செல்வி அக்காவிடம், "அவளுக்குப் படிப்பு இருக்கு" என்று மட்டும் சொன்னாராம் அவள் அப்பா. அதற்குப் பிறகு அவள் பாடாங் பக்கமே வரவில்லை. அந்தக் குழுவில் வேகமாக ஓடக்கூடியவள் அவள்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

முனியாண்டி அண்ணனைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டே இருந்தேன். வேலை மாறினேன், கல்யாணம் ஆனது, செல்வி அக்காவும் கோலா கங்சார் பக்கம் போய்விட்டார். கடைசியில் துணிந்து போனபோது தோட்டம் விற்கப்பட்டிருந்தது. பாடாங், தொழிலாளர்களின் லயத்து வீடுகள், ரப்பர் பால் கொட்டகை எதுவும் இல்லை. வரிசையாக மாடி வீடுகள், முன்னால் ஒரு தடுப்புக் கட்டை. காவலாளி இளைஞன் என்னை நிறுத்தி, யாரைப் பார்க்க வேண்டும் என்று மலாயில் கேட்டான். பெயரைச் சொன்னேன்.

"எந்த நம்பர் வீடு?"

தெரியவில்லை. அங்கே யாருடைய வீட்டுக்குப் போகவும் அப்போது எண் தேவைப்பட்டதில்லை. பின்னால் வேறு கார்கள் நிற்கின்றன, வண்டியைத் திருப்புங்கள் என்று மரியாதையாகச் சொன்னான். திருப்பினேன்.