பிலிம் அறுந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?

எங்கள் சங்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சினிமாக் கொட்டகைகளில் வேலை பார்த்தவர்கள். படம் ஓட்டும் ஆபரேட்டர்கள், வாசலில் டிக்கெட் கிழிப்பவர்கள், தட்டிகளில் போஸ்டர் ஒட்டுபவர்கள். நான் திண்டுக்கல் டவுனில் ஒரு கொட்டகையில் புக்கிங் கிளார்க்காக இருந்தேன். ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஒரு வருடம் சங்கம் ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்பு நடத்தியது. எந்த வருடம் என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் அப்போது எழுதிவந்த டைரியின் அட்டையையும் முதல் சில பக்கங்களையும் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சிய பக்கங்களில் கிழமை இருக்கிறது, வருடம் இல்லை. தாடிக்கொம்புக் கோயிலில் ஆடித் திருவிழாக் கடைகளைப் பிரித்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு வகுப்பு தொடங்கியது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

வகுப்புக்குக் காரணம் லைசென்ஸ். லைசென்ஸ் இல்லாத ஆபரேட்டர் மெஷினைத் தொடக் கூடாது என்ற விதியை அப்போது கெடுபிடியாகப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். லைசென்ஸ் வேண்டுமென்றால் மதுரைக்குப் போய், அதிகாரி கேட்கும் கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லி, மெஷினை ஓட்டியும் காட்ட வேண்டும். ஓட்டிக் காட்டுவதற்கு யாரும் பயப்படவில்லை. பதில் சொல்வதற்குத்தான் பயந்தார்கள்.

சங்கத்தின் செயலாளர் பேகம்பூர்க்காரர். எங்கள் கொட்டகையிலேயே டிக்கெட் கிழிப்பவர். எல்லோருக்கும் அவர் பாய்தான். ஒரு நாள் ஆங்கிலத்தில் அச்சடித்த விதிப் புத்தகத்தை என் ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினார்.

"எந்நேரமும் எதையாவது படிச்சுக்கிட்டுத்தான இருக்கீக. இதையும் படிச்சு நம்ம ஆபரேட்டருகளுக்குத் தமிழ்ல சொல்லுங்க."

"மெஷினைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதே பாய்."

"அவுகளுக்குப் புஸ்தகம் தெரியாது. உங்களுக்கு மெஷின் தெரியாது. ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ண முடியாதுல்ல, அதான் உங்களைக் கேக்குறேன்."

பேகம்பூரில் தோல் சரக்கு அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில் இடம் கிடைத்தது. கீழிருந்து வந்த வாடையில் முதல் வாரம் எனக்குத் தலை சுற்றியது. இரண்டாவது வாரம் அது இருந்ததாகவே டைரியில் குறிப்பில்லை. எட்டுப் பேர் வந்தார்கள். அதில் ஒருவர் தாடிக்கொம்பு டூரிங் கொட்டகையின் ஆபரேட்டர். நாற்பது வயதைத் தாண்டியவர். பதினைந்து வருடமாகப் படம் ஓட்டுகிறார். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். கார்த்திகையில் கொட்டகையின் லைசென்ஸைப் புதுப்பிப்பதற்குள் அவர் தன் லைசென்ஸை வாங்கியாக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். வாங்காவிட்டால் மதுரையிலிருந்து வேறு ஆள் வருவான்.

"நான் ஓட்டுன மெஷினை எவனோ ஓட்ட, நான் கீழ வாசல்ல நின்னு டிக்கெட்டுக் கிழிக்கணுமாம்" என்றார் முதல் நாளே.

"டிக்கெட்டுக் கிழிக்கிறது அம்புட்டுக் கேவலமாப் போச்சா அப்பு?" என்றார் பாய்.

மூன்றாவது ஞாயிறு அந்தக் கேள்வி வந்தது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது பிலிம் அறுந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? மதுரையில் எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்வி என்று முன்பே போய் வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். விளக்கின் முன்னால் பிலிம் ஓடாமல் நின்றுவிட்டால் நொடியில் தீப்பிடிக்கும். அதனால் முதலில் விளக்குக்கும் பிலிமுக்கும் நடுவே உள்ள தகட்டைத் தள்ளி வெளிச்சத்தை மறைக்க வேண்டும், அப்புறம் மோட்டாரை நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் தேர்வு போச்சு.

தாடிக்கொம்புக்காரர் எழுந்து நின்று, "ரிக்கார்டு போடுவேன்" என்றார்.

டவுன் ஆபரேட்டர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு இரண்டு மெஷின் உண்டு. டூரிங் கொட்டகையில் ஒன்றுதான், அது நின்றால் திரை இருட்டுதான்.

"சிரிக்காதீகப்பா" என்றார் அவர். "இருட்டுல செத்த நேரம் சத்தமில்லாம விட்டுப் பாருங்க. தரை டிக்கெட்டுக்காரன் மணலை அள்ளித் திரையில எறிவான். ஒரு பாட்டைப் போட்டாத்தான் அடங்குவான்."

சரியான பதிலை மனப்பாடம் செய்யச் சொன்னேன். அடுத்த ஞாயிறு மோட்டாரை முதலிலும் தகட்டைக் கடைசியிலும் சொன்னார். அதற்கு அடுத்த ஞாயிறு மறுபடியும் ரிக்கார்டு.

எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. அவர் சொல்வது உண்மையானால் அந்தக் கொட்டகை பதினைந்து வருடத்தில் பல முறை எரிந்திருக்க வேண்டும். ஒரு முறைகூட எரியவில்லை. புதன்கிழமை எனக்கு விடுமுறை. பஸ் ஏறித் தாடிக்கொம்புக்குப் போய், முதல் ஆட்டத்துக்கு அவர் படம் ஓட்டும் கேபினில் ஒரு மூலையில் நின்றுகொண்டேன்.

பழைய பிரிண்ட். நாலாவது ரீலில் அறுந்தது. மெஷினின் சத்தம் மாறியதை நான் உணர்வதற்குள் அவருடைய இடது கை தகட்டைத் தள்ளியிருந்தது. வலது கை மோட்டாரை நிறுத்தியது. பிறகுதான் திரும்பி ஸ்டூல் மேல் இருந்த பாட்டுப் பெட்டியில் ரிக்கார்டை வைத்தார். வெளியே சத்தம் அடங்கியது.

"அண்ணே, முதல்ல என்ன செஞ்சீக?"

"பாத்துக்கிட்டுத்தான இருந்தீக. ரிக்கார்டு போட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி என்ன? பிலிம் அறுந்துச்சு."

அவருடைய இடது கையைத் தொட்டுக் காட்டி, நான் பார்த்ததைச் சொன்னேன். அறுந்த பிலிமை ஒட்டிக்கொண்டே கேட்டார்.

"அதையுமா கேக்குறாக? சோறு தின்னேன்னு சொல்லுவோம். வாயைத் தொறந்தேன்னு யாராச்சும் சொல்லுவாகளா?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். கை செய்வது வாய்க்குத் தெரியவில்லை. தெரியப்படுத்துவதற்கு என்ன வழி? நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இருந்ததாக நினைவில்லை.

வழி தற்செயலாகக் கிடைத்தது. அடுத்த ஞாயிறு காலை எங்கள் கொட்டகையின் மெஷினில் கழிவு பிலிமை ஓட்டிப் பழக முதலாளி அனுமதித்தார். பாய் மெஷின் பக்கத்தில் நின்று, நினைத்த நேரத்தில் "அறுந்துச்சு" என்று சொல்வார். தாடிக்கொம்புக்காரர் எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் செய்தார். கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நாலாவது தடவை, அவர் கை எங்கே போகிறது என்று அவருக்கே காட்டுவதற்காகப் பாய் அந்த இடது கையை மணிக்கட்டில் பிடித்துக்கொண்டு "அறுந்துச்சு" என்றார்.

"யோவ் விடுய்யா, லைட்டை மூடணும்" என்று கத்தினார் அவர்.

பாய் கையை விடாமல் என்னைப் பார்த்தார்.

"எழுதிக்கிட்டீகளா?"

அடுத்து வலது கையைப் பிடித்தோம். "மோட்டாரு, மோட்டாரு" என்றார். இரண்டு கைகளையும் பிடித்தோம். அத்தனையும் வரிசையாக வந்தது. அன்று அவர் சொல்லச் சொல்ல டிக்கெட் புத்தகத்தின் பின்னட்டையில் ஒன்பது வரிகள் எழுதினேன். விதிப் புத்தகத்தில் இருந்தவை ஆறு. பாக்கி மூன்றும் புத்தகம் எழுதியவருக்குத் தெரியாதவை.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை மதுரையில் தேர்வு. நானும் கூடப் போனேன். தேர்வு நடந்த கொட்டகைக்கு எதிரே ஒரு டீக்கடையில் மூன்று டீ குடிக்கும் நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கேட்டாரா?"

"அதைத்தான் முதல்ல கேட்டாரு."

"என்ன சொன்னீக?"

"ரெண்டு கையையும் கட்டி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். தன்னால வந்துருச்சு. மரியாதைக்குக் கட்டுனேன்னு நெனச்சாரு போல, சாதாரணமா நில்லுய்யான்னாரு. நான் கையை விடலையே."

கார்த்திகை பிறப்பதற்கு நாலு நாள் முன்பு தபாலில் லைசென்ஸ் வந்தது. மதுரையிலிருந்து ஆள் வரவில்லை. பாய் வகுப்பில் அதை எல்லோருக்கும் காட்டினார். முதலாளி செலவில் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தாடிக்கொம்புக் கேபினில் மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டு, அடுத்த புதன்கிழமை பார்க்கப் போனேன்.

அன்றும் படம் அறுந்தது. அவருடைய உதடுகள் அசைந்தன. "லைட்டை மூடுறேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத்தான் இடது கை போனது. "மோட்டாரை நிறுத்துறேன்." கை காத்திருந்து, சொல் முடிந்ததும் நிறுத்தியது. தகட்டை மூடத் தாமதமானதில் பிலிமின் ஓரம் பொசுங்கி, கேபினில் லேசான புகை. ரிக்கார்டு போடுவதற்குள் தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறந்தது.

லைசென்ஸ் வாங்கிக் கொடுத்து ஆளைக் கெடுத்துவிட்டோமோ?

"எப்பயிருந்து இப்படி?" என்று கேட்டேன்.

"மதுரைக்குப் போய்ட்டு வந்ததுலயிருந்து. முந்தியெல்லாம் கை அதுபாட்டுக்குப் போகும். இப்ப வாயைக் கேட்டுக்கிட்டுப் போகுது." பொசுங்கிய ஓரத்தைக் கத்தரித்து ஒட்டினார். "ஆனா நீங்க இல்லாதப்ப ரெண்டு தடவை அறுந்துச்சு. அம்புட்டா பேசலை."

"அப்பச் சரியாயிருமா?"

"ஆகும். நீங்க இப்படிப் பென்சிலைப் பிடிச்சுக்கிட்டு மூலையில நின்னா ஆகாது. கோவிச்சுக்காதீக தம்பி, கீழ போயி உக்காந்து படம் பாருங்க."

பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு இறங்கினேன். மணலில் இடம் பிடித்து உட்காருவதற்குள் படம் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. அன்று கடைசிவரை இன்னும் இரண்டு முறை அறுந்தது. உள்ளே அவர் பேசினாரா இல்லையா என்று கீழேயிருந்து தெரியவில்லை. புகை வரவில்லை.