ஏழு மணி சீரியலும் பக்கத்து போர்ஷன் செல்வியும்

நேற்று ஒரு பொய் சொன்னேன். டிவியில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சீரியல் ஆப்பை, ஓடவே மாட்டேன் என்கிறது என்று சொல்லி, பக்கத்து போர்ஷன் செல்வியைக் கூப்பிட்டேன். இந்த வயதில் இதெல்லாம் தேவையா? தேவைப்பட்டது.

செல்விக்கு விருதுநகர் பக்கம். ராயக்கோட்டை ரோட்டில் ஒரு கம்பெனியில் வேலை. அவள் வீட்டில் டிவி கிடையாது. இரண்டு வருஷமாக ஏழு மணி சீரியலுக்கு என் வீட்டுக்குத்தான் வருவாள். கணவர் காலமாகி, மகனும் பெங்களூரில் செட்டில் ஆன பிறகு, நான் வாய்விட்டுப் பேசிய ஒரே அரை மணி நேரம் அதுதான்.

சீரியல் ரொம்ப சுமார். அதனால் என்ன... அந்த மாமியாரைத் திட்ட இரண்டு பேர் இருந்தோமே! வழியில் சானமாவு காட்டில் யானை ரோட்டைக் கடக்கிறது என்று கம்பெனி பஸ் நின்றுவிட்டால், "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைவாள். பத்து நிமிடக் கதையை நான் இருபது நிமிடம் சொல்வேன்.

திடீரென்று ஒரு நாள் சேனல்காரர்கள், மீதிக் கதை இனி ஆப்பில் மட்டும்தான் என்று அறிவித்துவிட்டார்கள். பதறிப்போய் சந்தா கட்டினேன். அதோடு விட்டேனா? பாவம், பஸ்ஸிலும் பார்க்கட்டுமே என்று அவள் போனிலும் என் கையாலேயே போட்டுக் கொடுத்தேன். மகா புத்திசாலி!

அடுத்த நாளிலிருந்து ஏழு மணிக்கு யாரும் வரவில்லை.

அவள் மேல் தப்பே இல்லை. பஸ்ஸிலேயே இயர்போனை மாட்டிக்கொண்டு பார்த்துவிடுகிறாள். ஒரே அக்கவுன்ட் என்பதால், எந்த நிமிடத்தில் நிறுத்தினாள் என்பதுகூட என் டிவியில் தெரியும். பதினான்காவது நிமிடம் என்றால்... ஸ்டாப்பிங் வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு முதலிலிருந்து தனியாகப் பார்ப்பேன். மாமியாரைத் திட்டக்கூடத் தோன்றுவதில்லை.

ஆன்லைனுக்குப் போனால் சீரியல்கள் பிழைக்குமா என்று இந்தப் பத்தியைப் படிக்கும் ஒரு வாசகி கேட்டிருந்தார். பேஷாகப் பிழைக்கும். அங்கே ஒரு காட்சிகூடத் தவறிப்போகாது. ஆனால், தவறிப்போனால்தானே இன்னொருத்தரிடம் போய்க் கதை கேட்கத் தோன்றும்?

நேற்று செல்வி வந்தாள். ரிமோட்டை வாங்கி இரண்டு பட்டனைத் தட்டினாள். நல்லாத்தானே ஓடுது என்று சொல்லிக் கிளம்பப் பார்த்தாள். அப்போதுதான் உண்மை என் வாயில் வந்தது.

"சீரியலுக்காக இல்ல செல்வி. ஏழு மணி ஆனா வீட்ல இருக்கவே முடியல. கொஞ்ச நேரம் உக்காரேன்."

அவள் உட்காரவில்லை. காலையில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், இனிமேல்தான் போய் உலை வைக்க வேண்டும். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை வாரேன்க்கா. இந்த வாரம் நான் பஸ்ல பாக்க மாட்டேன். நீங்களும் பாக்காம வைங்க, சேத்துப் பாப்போம்."

வைத்திருக்கிறேன். ரிமோட்டைக்கூட பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

இன்றைக்குச் செவ்வாய்தான் ஆகிறது.