படகு மோட்டாருக்கு மீட்டர் பூட்டப் பதுளைக்குப் போனோம்

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் இரண்டு நாள் பயணம். நமுனுகுலயிலிருந்து பதுளை, அங்கிருந்து மகியங்கனையைத் தாண்டி ஒரு பெரிய குளம். குளத்தின் பெயரைப் போடவேண்டாம் என்று வீட்டுக்காரர் கட்டளை. போட்டால் அடுத்த வாரமே பத்துப் படகு வந்து நிற்குமாம். எங்களிடம் இருப்பதே ஒரு படகுதான், அதன் இலட்சணத்தையும் கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் செல்வம், தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். வேலையை விட்டதும் கையில் கிடைத்த சேமலாப நிதியில் பாதியைக் கொண்டுபோய் ஒரு பழைய படகும் பதினைந்து குதிரைவலு மோட்டாரும் வாங்கினார். சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் பிழைக்கலாம் என்ற எண்ணம். டேங்க் மூடியில் இருந்த முள் எப்போது பார்த்தாலும் பாதி என்றே காட்டும். அதை நம்பி இரண்டு தடவை நடுக்குளத்தில் பெற்றோல் தீர்ந்து நின்றார். இரண்டாவது தடவை நானும் மகளும் படகில் இருந்தோம். இன்னொரு படகு வந்து கட்டி இழுக்கும்வரை நாற்பது நிமிடம், கரையில் யானைகள். அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனி இந்தப் படகில் என் கால் படாது என்று. மூன்றாவது தடவை நின்றால் படகை விற்பது என்றும் முடிவு.

இந்த நிலைமையில், கொழும்பிலிருந்து வரும் என் அக்கா குடும்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை படகுச் சவாரி என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். அக்கா, அத்தான், இரண்டு சின்னப் பிள்ளைகள். எனக்குத் தூக்கமே போய்விட்டது. எவ்வளவு பெற்றோல் போகிறது என்று எண்ணிக் காட்டும் மீட்டர் ஒன்றை வாங்கி அவரே பூட்டிப் பார்த்தார். அது நிமிடத்துக்கு ஒரு கணக்குச் சொன்னது. அதனால்தான் பதுளைக்குப் புறப்பட்டோம்.

சனிக்கிழமை காலை 6.20க்கு, பக்கத்து வீட்டு ரவியின் சின்ன லொறியில் மோட்டாரை மட்டும் ஏற்றினோம், படகு குளக்கரையிலேயே கிடக்கிறது. இரண்டு நாளுக்கும் சேர்த்து 14,000 ரூபாய். பசறை வழியாகப் பதுளை முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட, பனி இருந்ததால் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. வாந்தி எடுப்பவர்கள் பசறைவரை எதுவும் சாப்பிடாதீர்கள், வளைவுகள் அப்படி.

பதுளையில் ஒரு பாஸ் இருக்கிறார். மெக்கானிக்குகளை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். வேலைக்கு 3,500 கேட்டார். மோட்டாரைத் தண்ணீர் நிறைந்த பீப்பாயின் விளிம்பில் மாட்டினார். இவர் பூட்டியிருந்ததைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னாங்க, இன்ஜினுக்குப் பக்கத்துலயே மாட்டியிருக்கீங்க? இன்ஜின் பம்ப் விட்டு விட்டு இழுக்கும். அந்த ஆட்டத்துல மீட்டருக்குள்ள இருக்குற சக்கரம் முன்னுக்கும் பின்னுக்கும் ஆடும். பிறகு எப்படி சரியா எண்ணும்?"

டேங்க், அடுத்து வடிகட்டி, அடுத்து மீட்டர், அதற்குப் பிறகு கையால் அமுக்கும் ரப்பர் பம்ப், கடைசியில் இன்ஜின். அந்த ஒழுங்கில் மாற்றிப் பூட்டினார். மீட்டரின் மேல் உள்ள அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்கவேண்டும். இலக்கம் ஆடாமல் நின்றது.

"இப்ப ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, எவ்வளவு குடிச்சிச்சுன்னு அளந்து அந்த இலக்கத்தை இதுல போடுங்க. நான் அந்த பைக்க முடிச்சிட்டு வர்றேன்" என்று பாஸ் போய்விட்டார்.

அளப்பது என்றால் இவருக்குத் தராசுதான். மாற்றுச் சட்டை இல்லாமல் பயணம் போவார், அந்தத் தொங்கு தராசு இல்லாமல் போகமாட்டார். பெற்றோல் கேனை ஓடுவதற்கு முன் ஒரு தடவை தொங்கவிட்டார், ஓடிய பின் ஒரு தடவை. ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. ஒன்றரை லீற்றர் என்று மீட்டரில் பதிந்தார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஏன் என்று கீழே வரும்.

பதினொன்றரைக்கு நகரத்திலேயே ஒரு ஷெட்டில் பெற்றோல் அடித்தோம். பம்பில் இருபது லீற்றர். கையோடு கேனைத் தராசில் தொங்கவிட்டார். வெறும் கேனின் பாரத்தைக் கழித்தால் பதினைந்து கிலோ. மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"தம்பி, அஞ்சு லீற்றர் எங்க?"

பம்பில் நின்றவர் முழித்தார். "ஐயா, இருபதுன்னு காட்டுதே."

"பம்பு காட்டும். எத்தன ஆயிரம் பேரு கொழுந்த நிறுத்தவன் நான், எங்கிட்டயே வேலைய காட்டுறியா?"

பின்னால் மோட்டார் சைக்கிள்கள் ஹோர்ன் அடிக்கின்றன. ரவி லொறிக்குள் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல் இருந்தது. அந்த மனிதர் கோபப்படவே இல்லை. உள்ளே போய் ஐந்து லீற்றர் அளவுக் கேனைக் கொண்டுவந்தார். "நீங்களே ஊத்தி பாருங்க ஐயா" என்றார்.

ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது தடவை கோட்டுக்குச் சரியாக நிறைந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் தோட்டத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வருடா வருடம் தண்ணீரில் மண்ணெண்ணெயை ஊற்றி மிதக்கவிட்டுக் காட்டுகிறவள் நான்.

"என்னங்க, நிறுத்துங்க. ஒரு லீற்றர் ஒரு கிலோங்கிறது தண்ணிக்குத்தான். பெற்றோல் பாரம் குறைஞ்சது. இருபது லீற்றர் பதினஞ்சு கிலோதான் வரும்."

நான்காவதும் கோட்டுக்குச் சரியாக நின்றது. இவர் கேனைக் கீழே வைத்து, "தம்பி, மன்னிச்சிக்கங்க, தப்பு எம்மேலதான்" என்றார். "பரவால்லீங்க ஐயா, வண்டிய கொஞ்சம் ஓரமா எடுங்க" என்றார் அவர்.

லொறி ஐம்பது மீற்றர் போயிருக்காது. இவர் என் பக்கம் திரும்பி, "டீச்சர், அப்போ மீட்டரு?" என்றார்.

இரண்டு லீற்றர் எரிந்ததற்கு ஒன்றரை என்று மீட்டருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இருபது லீற்றரோடு போய், மீட்டர் பத்து காட்டியதும் திரும்புவது என்பது ஞாயிறு திட்டம். மீட்டர் பத்து காட்டும்போது உண்மையில் பதின்மூன்றுக்கு மேல் எரிந்திருக்கும். திரும்பும் வழியில் பாதியில், மீட்டர் இன்னும் ஐந்து லீற்றர் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்க, டேங்க் காய்ந்திருக்கும். அக்காவின் பிள்ளைகளோடு, அதே நடுக்குளத்தில். நினைக்கவே பயம், கூடவே ஒரு பெரிய நிம்மதி. இது பதுளை நகரத்தில், தார் ரோட்டில் தெரிந்ததே. ஷெட்டில் சண்டை பிடித்ததற்காக இவரை நான் பாராட்டியது அன்றைக்குத்தான்.

லொறியைத் திருப்பிக்கொண்டு போய்ச் சொன்னதும் பாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. நல்ல வேள, தோட்டத்துல கொழுந்துக்குக் கழிக்கிற மாதிரி ஈரத்துக்குன்னு ரெண்டு கிலோ கழிக்காம விட்டீங்க." மறுபடி பீப்பாய், மறுபடி ஒரு மணித்தியாலம், இந்தத் தடவை கோடு போட்ட அளவுக் கேனால் அளந்தோம். சரியாக இரண்டு லீற்றர். அதைப் பதிந்தோம். மேலதிகமாக ஒரு சதமும் வாங்கவில்லை.

3.40க்குப் பதுளையை விட்டோம். அறுபத்தைந்து கிலோமீற்றர் அளவில் இறக்கம், கீழே போகப் போகச் சுவெட்டரைக் கழற்றவேண்டி வந்தது. 6.15க்குத் தங்குமிடம், அறை 4,500 ரூபாய்.

அக்கா குடும்பமும் வந்து சேர, ஞாயிறு 9.30க்குப் புறப்பட்டோம். சபதத்தை விட்டு நானும் ஏறினேன், ரவியோடு ஏழு பேர், எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி. பாதியில் திரும்பும் திட்டத்தை நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்று சொன்னேன். ஏழு காட்டியதும் இவர் மறுபேச்சில்லாமல் படகைத் திருப்பினார். கரைக்கு வந்தபோது மீட்டரில் 13.9. அளவுக் கேனால் டேங்கைத் திரும்ப நிரப்பிப் பார்த்தோம், 14.1 பிடித்தது. இவர் அந்த இலக்கத்தை அத்தானுக்கு மூன்று தடவை சொன்னார்.

உங்கள் படகுக்கும் பூட்டப்போகிறீர்கள் என்றால், மீட்டரை டேங்க் பக்கமாக வையுங்கள். பூட்டியதும் ரப்பர் பம்பை அமுக்கி, எல்லா இணைப்பிலும் விரலால் தடவிப் பாருங்கள், ஈரம் இருந்தால் புறப்படவேண்டாம். லீற்றரை லீற்றராக அளங்கள். ஒரு தடவை சரி வந்தது என்று விட்டுவிடாமல் முதல் நாலைந்து பயணத்துக்காவது நிரப்பிச் சரிபாருங்கள். பாஸ் வேலை செய்யும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், வாயைத் திறந்து கேளுங்கள். படித்தவர்கள் என்ற நினைப்பு எங்களுக்கு உதவவில்லை.

குளம் எப்படி இருந்தது, எத்தனை யானை பார்த்தோம் என்று கேட்டு எழுதாதீர்கள். போகும்போது மீட்டரை விட்டு நான் கண்ணை எடுக்கவே இல்லை. வரும்போது, முன்பு நாங்கள் நின்ற அந்த நடுக்குளத்தைக் கடக்கிற நேரத்தில், அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேனாம். கரை தட்டியபிறகுதான் எழுப்பினார்கள்.