அடுப்பு ஊதுகிற மூச்சு

எனக்குக் கோவையாக எழுத வராது. படிப்பு அஞ்சாவதோடு நின்றது. பாதி மறந்தும் விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் கடைசி. தலைப்பிரசவத்தில் இரண்டு நாள் வலித்தும் பிள்ளை இறங்கவில்லை. எங்கள் ஊர் பூம்பாறையிலிருந்து பூண்டு ஏற்றும் லாரியில் என்னைக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் மாமியார், "மூச்ச விட்றாத தாயி, பிள்ளை மேல ஏறிரும்" என்றார். எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். வயிற்றைக் கீற மேசையில் படுக்கவைத்தபோதும் பயத்தில் மூச்சை அடக்கியே கிடந்தேன்.

நர்ஸம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "அடக்குனா மயக்க மருந்து எப்படிம்மா உள்ள போகும்? ஈர வெறக எப்படி ஊதுவ? அப்படி மெதுவா ஊது, பெறகு இழு."

ஊதினேன். பயம் கொஞ்சம் தணிந்தது. மூக்கில் மருந்துத் துணியை வைத்தார்கள்.

விழித்தபோது தொட்டில் காலி. "வயித்துக்குள்ளயே போயிருச்சும்மா, எடுக்கும்போதே உசுரில்ல" என்றார் நர்ஸம்மா. நான் ஊதியதை மாமியாரிடம் சொல்லிவிட்டேன்.

"நீதானடீ ஊதித் தொலச்ச" என்று சாகும்வரை சொன்னார். இன்றும் அடுப்பை ஊதும்போதெல்லாம் அந்தச் சொல் காதில் விழும்.

வைத்தியம் தெரிந்தவர்கள் நான் எழுதியதைச் சரிபாருங்கள். மூச்சு விட்டதால் பிள்ளை சாகுமா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.