எட்டு ஸ்டிக்கர், ஏழு பெல்ட்

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், தன் நிழலையே நம்பாத ஆள். தொழில் கார் மெக்கானிக். பட்டப்பகலிலும் சட்டைப்பையில் டார்ச் வைத்திருப்பதால் எல்லோருக்கும் அவர் 'டார்ச்'தான். மருந்து வாங்கினால் அட்டையைத் திருப்பித் தேதி பார்ப்பார். கதவைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெட்ரோல் பங்கில் முன்பின் தெரியாதவர்களிடம் போய், பானெட்டைக் கொஞ்சம் திறக்க முடியுமா என்று கேட்பாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியாது. சிலர் திறப்பார்கள், பலர் திட்டுவார்கள். பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் மானம் போகும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நான் குத்திக் காட்டினால், "இருக்கட்டும் மாப்பிள்ளை" என்பதோடு சரி.

இந்த மனிதரிடம் போய் நாங்கள் பழைய கார் பார்த்துத் தரச் சொன்னோம். வேறு வழியில்லை. ஆறு வருடம் வீட்டுக்குள்ளேயே கிடந்த என் மனைவிக்கு அப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருந்தது. எழுந்து நடக்க முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே போய் உடற்பயிற்சி கொடுக்கும் வேலை. ஒரே நிபந்தனை, திங்கட்கிழமை காலை சொந்தக் காரோடு வந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

மச்சான் அதற்குள் மூன்று கார்களைக் கழித்துக் கட்டியிருந்தார். ஒன்றில் பெயின்ட் புதுசு என்றார், ஒன்றில் ஆயில் வாசனை சரியில்லை என்றார், மூன்றாவதற்குக் காரணமே சொல்லவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. தங்கை தனியாக ஊர் சுற்றி வேலை பார்ப்பது இவருக்குப் பிடிக்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லாமல் கார்மேல் பழி போடுகிறார் என்று முடிவு கட்டினேன். மனைவியிடம் சொன்னேன். அவள் பார்த்த பார்வையில் பாதி ஆளானேன்.

சனிக்கிழமை நாலாவது கார். புரோக்கர் தன் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார். வாயெல்லாம் பல்லாக வரவேற்று, இது செயின் வண்டி, ஆயுசுக்கும் கை வைக்க வேண்டாம் என்றார். இன்ஜினுக்குள் வால்வும் பிஸ்டனும் தாளம் தப்பாமல் ஏறி இறங்க, சில கார்களில் இரும்புச் செயின் இருக்கும், சில கார்களில் ரப்பர் பெல்ட். செயின் பெரும்பாலும் உழைக்கும். பெல்ட்டைக் கணக்கு வைத்து மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் ஓடும்போதே அறுந்து, இன்ஜின் அந்த இடத்திலேயே செத்துவிடும். மெயின் ரோட்டு நடுவில், பின்னால் லாரி வரும்போது அறுந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

மச்சான் டார்ச்சை அடித்து இன்ஜினின் பக்கவாட்டு மூடியை விரலால் தட்டினார். பிளாஸ்டிக் சத்தம். செயின் எண்ணெயில் நனைந்தபடி ஓடும், அதனால் எண்ணெய் கசியாதபடி இறுக்கி மூடிய உலோக மூடி இருக்கும். இது பெல்ட் என்றார். புரோக்கரின் சிரிப்பு லேசாகச் சுருங்கியது. மச்சான் துணியால் மூடியின் அழுக்கைத் துடைத்தார். அடியில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று தெரிந்தது. பெல்ட் மாற்றிய தேதி, அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர், எல்லாம் முத்து முத்தான எழுத்தில். கணக்குப் பார்த்தால் இன்னும் இரண்டு வருடம் கவலையில்லை.

என் மனைவி குனிந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அண்ணா, இது உன் கையெழுத்துல்ல?"

புரோக்கர் சட்டென்று பிளேட்டைத் திருப்பிப் போட்டார். செயினோ பெல்ட்டோ, உங்கள் அண்ணனே மாற்றிய வண்டி, இதைவிட என்ன உத்தரவாதம் வேண்டும் என்றார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. மச்சான் மட்டும் அசையவில்லை. டார்ச்சை ஸ்டிக்கர்மேலேயே பிடித்திருந்தார்.

"என் கையெழுத்துதான். அதான் பயமா இருக்கு" என்றார்.

பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து மூடியைக் கழற்றினார். உள்ளே பெல்ட்டின் முதுகு முழுக்கக் குறுக்குக் குறுக்காக வெடிப்பு. ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. இரண்டு பல் தேய்ந்து மொட்டையாக இருந்தது. ஸ்டிக்கர் சொன்ன தேதியில் மாற்றிய பெல்ட் அல்ல அது. கார் பிறந்தபோது போட்டது.

மச்சான் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து சொன்னார். அப்போது அவர் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். கையெழுத்து நன்றாக இருந்ததால் ஸ்டிக்கர் எழுதும் பொறுப்பு அவருடையது. அன்றைக்குப் பெல்ட் மாற்ற வேண்டிய கார்களுக்கெல்லாம் காலையிலேயே மொத்தமாக எழுதி வைத்துவிடுவார். வேலை முடிந்ததா என்று பார்க்காமல், கழுவுகிற ஆள் ஒட்டிவிடுவான். எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது.

"ஒரு நாள் சாயங்காலம் பெல்ட் வந்த காலி அட்டைப் பெட்டிய எண்ணினேன். ஸ்டிக்கர் எட்டு, பெல்ட் ஏழு. எந்த வண்டின்னு தெரியல. எட்டு பேரையும் திரும்பக் கூப்பிடலாம்னேன். பேர் கெட்டுடும்னு முதலாளி ஒத்துக்கல. நானும் வாய மூடிக்கிட்டேன்."

அந்த வேலையை அடுத்த மாதமே விட்டிருக்கிறார். அன்று முதல்தான் டார்ச். பெட்ரோல் பங்கில் அவர் மற்றவர்களை வேவு பார்த்ததாக நான் நினைத்திருந்தேன். தன் எழுத்தைத்தான் தேடியிருக்கிறார். நான் கட்டிய கதையை நினைத்து வெட்கப்பட்டேன்.

அந்தக் காரையே வாங்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூராவும் எங்கள் வாசலில் உட்கார்ந்து பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கும் உருளை, எல்லாவற்றையும் மாற்றினார். தங்கையை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு புது ஸ்டிக்கரையும் பேனாவையும் அவளிடம் நீட்டி, "இப்ப நீ எழுது" என்றார். திங்கட்கிழமை அவள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

தொலைந்த வண்டி கிடைத்துவிட்டது, இனி மனிதர் நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் பெட்ரோல் பங்கில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. மச்சான் டார்ச்சோடு எங்கள் காரிலிருந்து இறங்கப் போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தி, அதுதான் கிடைத்துவிட்டதே என்றேன்.

"மூணு வருஷம் எழுதினேன் மாப்பிள்ளை. எண்ணிப் பாத்தது அன்னைக்கு ஒரு நாள்தான்."

கையை விட்டுவிட்டேன். அவர் போய்க் கார்க்காரரிடம் பானெட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்டார். கார்க்காரர் முறைத்தார். நானும் இறங்கிப் போய் மச்சான் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் திறங்க சார்" என்றேன்.