மீனெண்ணெய்க் கரண்டி

மீனெண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குக் குமட்டும். எனக்குக் கோபம் வரும். இத்தனை வயதுக்குப் பிறகும் வருகிறது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் இதை எழுதிக்கொண்டிருக்கிறாள். கெட்ட வார்த்தை வந்தால் எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். ஆகவே வேண்டிய இடத்தில் படிக்கிறவர்களே போட்டுக்கொள்ளலாம்.

எனக்குக் கண் போனது அம்மையில். பெருமுக்கல் பக்கம் எங்கள் ஊர். அப்பா மல்லாட்டைக் கொல்லையில் கூலி. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அம்மை போட்டிருந்தபோது எனக்கு நொய்க்கஞ்சித் தெளிவைத் தவிர வேறு எதுவும் கொடுக்கவில்லை. கீரை ஆகாது, எண்ணெய் ஆகாது, கவிச்சி ஆகாது. பத்தியமாம். பத்தியம் இல்லாத நாட்களிலும் அந்தக் கஞ்சியைத்தான் குடித்தோம் என்பது வேறு விஷயம். அம்மை இறங்கிப் போனது, கண்ணையும் கூட்டிக்கொண்டு.

உலகச் சண்டைக் காலத்தில் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திண்டிவனத்துக்கு நடந்தார். அங்கே மிஷன் பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஹாஸ்டலில் என் அத்தை சமையல்காரி. புருஷன் செத்துப் போனபின் ஒரே மகளோடு அங்கே வந்து சேர்ந்தவள். வார்டனம்மாவிடம் அழுது கேட்டு எனக்கு ஓர் இடம் வாங்கித் தந்தாள். கிணற்றடிக்கு அந்தப் பக்கம் ஓட்டுக் கொட்டகை ஒன்று. கண் தெரியாத பெண்கள் அதில்தான் இருந்தோம். ஹாஸ்டல் முழுக்க அதைக் குருட்டு ரூம் என்றுதான் சொன்னார்கள். ஜெபம் செய்கிறபோது மட்டும் வேறு நல்ல பெயர் சொல்வார்கள்.

அந்த ரூமில் எங்களுக்கு ஒரே வேலை, உட்காருவது. காலையில் உட்கார்ந்து பிரம்பு பின்னுவோம், மத்தியானம் உட்கார்ந்து பாட்டுப் படிப்போம், சாயங்காலம் உட்கார்ந்து ஜெபம் செய்வோம். எழுந்து நாலடி வைத்தால், "எங்கடி போற? வுழுந்து தொலைக்கவா?" என்று வார்டனம்மாவின் குரல் வரும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நடந்து போனாலே எங்களுக்கு மூச்சு வாங்கும். கிழவிகள் போல வழியில் நின்று நின்று போவோம். சின்னப் பிள்ளைகள் நாங்கள்.

சாப்பாட்டிலும் அப்படித்தான். கண் தெரிந்த பிள்ளைகளுக்கு ஒரு முழு உருண்டை கேப்பைக் களி, எங்களுக்குப் பாதி. அரிசிக்கும் கேப்பைக்கும் பஞ்சமான காலம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பஞ்சத்தைப் பங்கு போட்டவர்கள் எங்களுக்குத்தான் அதிகமாகக் கொடுத்தார்கள். அத்தை ஒருநாள் கொஞ்சம் கூடப் போட்டபோது வார்டனம்மா கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"உக்காந்துக்கினே இருக்கிறதுங்களுக்கு இன்னா பசி?"

உட்கார வைத்ததும் அவள்தான், உட்கார்ந்திருக்கிறோம் என்று சோற்றைக் குறைத்ததும் அவள்தான். கை காலை வீசினால் பசிக்கும், பசித்தால் கேட்போம்.

தினமும் காலையில் மைதானத்தில் டிரில் நடக்கும். டிரில் முடிந்ததும் அங்கேயே வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கு ஒரு கரண்டி மீனெண்ணெயும் ஒரு கை வேகவைத்த மல்லாட்டையும் கொடுப்பார்கள். டிரில் செய்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தான். எங்களுக்கு டிரில் கிடையாது, ஆகவே மல்லாட்டையும் கிடையாது. வேகவைத்த மல்லாட்டையின் வாசனை கிணற்றடியைத் தாண்டி எங்கள் ஜன்னலுக்கு வரும். என் அப்பா வெயிலில் பிடுங்கிய மல்லாட்டையாகக்கூட அது இருந்திருக்கலாம். மீனெண்ணெய் நாற்றமும் கூடவே வரும். அது எங்களுக்கு இல்லை என்பதில் எல்லோருக்கும் பரம சந்தோஷம்.

அத்தை மகளைப் பாப்பா என்று கூப்பிடுவோம். என்னைவிடச் சின்னவள். அவளுக்குக் கண் தெரியும். பகலில் ஊசியில் நூல் கோர்ப்பாள். பொழுது சாய்ந்தால் மட்டும் தடவுவாள், தூணில் முட்டுவாள். ஒரு சாயங்காலம் பந்தி நடுவில் சாம்பார் குண்டானில் இடறி விழுந்து அத்தனையும் கொட்டிவிட்டாள். அன்றைக்கே வார்டனம்மா அவளைக் கண் தெரிந்தவர்கள் வரிசையிலிருந்து எடுத்து எங்கள் ரூமில் போட்டாள். டிரில் நின்றது. மல்லாட்டை நின்றது. மீனெண்ணெயும் நின்றது. பாப்பா அழுதது மல்லாட்டைக்காக மட்டும்தான்.

எங்களுக்கோ அவள் வந்தது திருவிழா. ரூமுக்குக் கண் வந்துவிட்டது! அழுக்கு யார் சட்டையில், பல்லி எந்தச் சுவரில், வார்டனம்மா எந்தப் பக்கம் வருகிறாள் என்று எல்லாவற்றையும் சொல்வாள். எங்களில் மூத்தவளான ராகேலுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"டிரில நாம இங்கயே கத்துக்கலாம்டி. பள்ளிக்கூடத்தப் பாக்க விழுப்புரத்துலேருந்து ஆபீசரு வர்றாராமே. அவரு முன்னாடி செஞ்சி காட்டிட்டா, அப்புறம் கிரவுண்டுக்கு வராதன்னு இவங்களால சொல்ல முடியுமா?"

"மல்லாட்ட குடுப்பாங்களா?" என்று நான் கேட்டேன்.

"டிரில் செஞ்சா குடுத்துத்தான் ஆவணும். மீனெண்ணெய நீ குடி, உன் மல்லாட்டைய என்னாண்ட குடு."

டிரில் மாஸ்டர் வாயைத் திறக்க மாட்டார். விசில் ஊதுவார், தானே செய்து காட்டுவார், பிள்ளைகள் பார்த்துச் செய்யும். எதற்குப் பின் எது என்கிற வரிசையைத் தினமும் மாற்றுவார். காலைத் தட்டுவதும் கையைத் தட்டுவதும் எங்களுக்குக் காதிலேயே விழுந்துவிடும். கையை மேலே தூக்குவதும் பக்கவாட்டில் நீட்டுவதும் சத்தமே போடாத சமாச்சாரங்கள். அதற்குத்தான் பாப்பா. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே வருவாள்.

"கைய மேல தூக்குறாங்க... இப்ப சைடுல... ஐயே, இப்ப கொக்காட்டம் ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

"எந்தக் காலுடி?"

"மடிக்காத காலு."

சிரித்துச் சிரித்து ஒருவர் மேல் ஒருவர் விழுவோம். விழுந்தால் என்ன? எழுந்துகொள்வோம். அதுவரை எங்களில் யாருக்கும் வியர்த்ததில்லை. இப்போது வியர்த்தது. கோயிலுக்குப் போகிற வழியில் நிற்பது குறைந்தது. பசி மட்டும் நாய் போலக் கடித்தது. ராத்திரிக் களியை வழித்து, தட்டையும் நக்கினோம்.

ஆபீசர் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு வெளுத்த பாவாடை கட்டி, மைதானத்து ஓரமாகப் பாயில் உட்கார வைத்தார்கள். டிரில் முடிந்ததும் நாங்கள் ஒரு பாட்டுப் பாட வேண்டும், அவ்வளவுதான் எங்கள் பங்கு. ஆனால் பட்டாளத்து ரயில்களை முன்னால் விட்டுவிட்டு விழுப்புரம் வண்டியை எங்கேயோ நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவர் வந்து சேர்ந்தபோது எங்கள் முகத்தில் வெயில் இல்லை. காக்கைகள் மரத்துக்குத் திரும்பிக் கத்திக்கொண்டிருந்தன.

விசில் ஊதினார்கள். ராகேல் இருமினாள். நாங்கள் எல்லோரும் பாயிலேயே எழுந்து நின்றோம். தட் தட் என்று கால் தட்டினோம். மைதானத்தில் விழுந்த காலும் எங்கள் காலும் ஒரே சத்தமாக விழுந்தன. கை தட்டினோம். அதுவும் சரியாக விழுந்தது. "பாருங்கோ, பாருங்கோ" என்று யாரோ ஆச்சரியமாகச் சொன்னார்கள். என் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. மல்லாட்டை கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்புறம் மைதானத்தில் சத்தம் நின்றது. கைகள் மேலே போகிற நேரம் அது. பாயின் ஓரத்தில் நின்ற பாப்பாவின் குரலுக்குக் காத்திருந்தோம்.

"சொல்லேன்டி!"

"தெரியலக்கா."

"மேலயா சைடுலயா? ஜல்தி சொல்லு!"

"இருட்டா கீதுக்கா. ஒண்ணுமே தெரியல."

இருட்டிவிட்டது போலிருக்கிறது என்றே நான் நினைத்தேன். எங்களுக்கு எப்படித் தெரியும்? மைதானத்தில் அத்தனை பிள்ளைகள் மாஸ்டரைப் பார்த்துத்தானே ஆடுகிறார்கள், அவர்களுக்கு மட்டும் எப்படி வெளிச்சம் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நாங்கள் நட்டு வைத்த கம்பங்கள் போல நின்றோம். ஒருத்தி கையைத் தூக்கினாள், ஒருத்தி நீட்டினாள். நீட்டிய கை என் மூக்கில் பட்டது. நான் பின்னால் சாய்ந்து ராகேல் மேல் விழுந்தேன். மைதானம் முழுக்கச் சிரிப்பு. ஆபீசரும் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பரிதாபப்பட்டுச் சிரிக்கிற சிரிப்பு. அது இன்னும் மோசம்.

"பாத்தீங்களா சார்? இதுக்குத்தான் இவங்கள எழுந்துக்க விடறதில்ல" என்றாள் வார்டனம்மா.

"பாவம், உக்காரச் சொல்லுங்க. அடிகிடி படப் போவுது" என்றார் அவர். எங்களுக்கு ஆளுக்கொரு பெப்பர்மின்ட் கொடுத்தார். சுவிசேஷத்திலிருந்து ஒரு வசனம் சொன்னார். மறுநாளிலிருந்து எங்கள் ஜன்னலைச் சாத்தி வைத்தார்கள்.

அத்தைக்கு மட்டும் அன்றைக்கு ஏதோ உறைத்திருக்கிறது. வெளிச்சம் இருக்கும்போதே மகள் இருட்டு என்று சொன்னதை அவள் சமையல் கூடத்து வாசலிலிருந்து கேட்டிருக்கிறாள். மறுநாள் வார்டனம்மா கிணற்றடிக்கு வந்தபோது, ஈரக்கையோடு போய் நின்றாள். சாத்திய ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூச்சை அடக்கிக் கேட்டோம்.

"பாப்பாவுக்கு ஒரு கரண்டி மீனெண்ணெய் குடுங்கம்மா. கண்ணுக்கு நல்லதுன்னு சொல்றாங்க."

"கண்ணுக்கு நல்லதுதான். அதனாலதான் கண்ணு இருக்கிறவங்களுக்குக் குடுக்கறோம். குருட்டு ரூம்ல ஊத்தி இன்னா ஆவப் போவுது?"

"அவளுக்குப் பகல்ல நல்லாத் தெரியுதுங்கம்மா."

"தெரிஞ்சா டிரிலுக்கு வர வேண்டியதுதானே?"

"அனுப்பட்டுங்களா?"

"வுழுந்தா யாரு பதில் சொல்றது? நீயா? போ, போய் உலைய பாரு."

இதற்கு மேல் அத்தை என்ன செய்வாள்? வேலையை விட்டால் அவளுக்கும் பாப்பாவுக்கும் எனக்கும் ஒரே நாளில் கஞ்சி போய்விடும். ஆட்டு ஈரல் கொடுத்தால் மாலைக்கண் தெளியும் என்று ஊரில் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வார்டனம்மா வீட்டில் ஈரல் வறுத்தது அத்தைதான். துண்டுகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கிக்கொள்வார்களாம்.

அத்தை வேறு ஒன்று செய்தாள். டிரில் முடிந்ததும் மீனெண்ணெய்க் கரண்டியைக் கழுவ அவளிடம்தான் கொடுப்பார்கள். அதைக் கழுவாமல் முந்தானையில் மறைத்து எங்கள் ரூமுக்குக் கொண்டுவருவாள். பாப்பாவின் வாயைப் பிடித்துத் திறந்து கரண்டியை உள்ளே விடுவாள்.

"நக்குடி. நல்லா நக்கு. அடியில ஒட்டிக்கினு கீது பாரு."

அத்தனை பிள்ளைகள் வாயில் போய் வந்த கரண்டி. பாப்பா ஓங்கரிப்பாள், அழுவாள். நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மீன்காரி, மீன்காரி" என்று கேலி செய்வோம். அத்தை ஏன் தன் சொந்த மகளை இப்படிச் சித்திரவதை செய்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. சாம்பாரைக் கொட்டியதற்குத் தண்டனை என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். கரண்டியைத் தன் கண் முன்னாலேயே சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று வார்டனம்மா உத்தரவு போட்டாள். சுத்தம் முக்கியமாம்.

கோடையில் பாப்பாவுக்கு வயிற்றோட்டம் வந்தது. அத்தை தன் அறையில் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டாள். அரிசிக் கஞ்சித் தெளிவு மட்டும்தான் கொடுத்தாள். அதே பத்தியம்.

எனக்குப் பேரன் பிறந்த பிறகு விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பொறுமையாக எனக்கு எடுத்துச் சொன்னாள். சாப்பாட்டில் சத்து இல்லாவிட்டால் முதலில் சாயங்காலம் தெரியாமல் போகும், அந்த நேரத்தில் கீரையோ ஈரலோ மீனெண்ணெயோ கொடுத்தால் திரும்பி வந்துவிடும், விட்டுவிட்டு மேலே அம்மையோ வயிற்றோட்டமோ வந்தால் கண் அவிந்தே போகும் என்றாள். அதாவது ஹாஸ்டலிலேயே அந்த எண்ணெய் யாருக்கு முதலில் வேண்டுமோ, அவளை வரிசையிலிருந்து பிடித்து வெளியே தள்ளியிருக்கிறார்கள். நான் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே கத்தினேன். என் மகன் பயந்துபோனான்.

ஆனால் அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது. பாப்பா உடம்பு தேறி ரூமுக்குத் திரும்பிய நாளில் எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். ராகேல் ஜன்னலைத் தள்ளித் திறந்துவிட்டாள். மைதானத்தில் விசில் ஊதியது. எல்லோரும் இடம் விட்டு நின்றோம்.

"பாப்பா, இன்னா செய்றாங்க சொல்லு."

அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். வெயில் என் கையில் விழுந்து சுட்டது. அவள் பிடித்திருந்த ஜன்னல் கம்பியும் சுட்டது. அவள் சொன்னாள்.

"இன்னும் விடியலக்கா."

வம்பு செய்கிறாள் என்று நினைத்து எல்லோரும் சிரித்தோம். நாங்கள் சிரித்ததைக் கேட்டு அவளும் சிரித்தாள்.