கிட்னியைத் தர மறுத்த அண்ணனும் ஹப்சிகூடா மெட்ரோவும்

வயிற்றுக் கட்டி சிகிச்சைக்காக ஹைதராபாத் போகிறவர்களுக்கான பதிவு இது. சார்மினார், பிரியாணி இரண்டும் கிடையாது. போன ஜூலையில் என் அண்ணனுக்கு வயிற்றின் பின்புறம், இடது கிட்னியை ஒட்டி, லைப்போசர்கோமா என்றார்கள். கொழுப்புத் திசுவில் வரும் புற்றுநோய். வலியில்லாமல் வளர்ந்ததால் தொப்பை என்று நினைத்து மனிதர் வாக்கிங்கைக் கூட்டியிருக்கிறார். சேதி வந்த அன்றே சென்னையில் ரயில் ஏறினேன். காச்சிகுடா வரை கண் மூடவில்லை.

அண்ணன் வீடு ஏ.எஸ்.ராவ் நகரில். அங்கே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். வம்பும் அந்த மெயின்டனன்ஸ் புத்தியிலிருந்துதான் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில், கட்டியோடு கிட்னியையும் குடலில் கொஞ்சத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்றார்கள். வீட்டருகே ஒரு சர்ஜன், கட்டியை மட்டும் எடுத்துவிடலாம் என்றார். அண்ணன் இரண்டாமவர் கட்சி.

"நல்லா ஓடிட்டிருக்க பார்ட்டை எவனாவது கழத்துவானால?"

நான் கத்தினேன். அவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். கடைசியாக ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரியில் நேரில் கேட்டுவிடலாம் என்று இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஏ.எஸ்.ராவ் நகரில் மெட்ரோ இல்லை. ஆட்டோவில் ஹப்சிகூடா, அங்கிருந்து மெட்ரோவில் ராய்துர்க், மறுபடி ஆட்டோ. காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நான் விரட்டிய விரட்டில் ஆட்டோக்காரர், "கைக்கு இத்னா டென்ஷன் சாப்?" என்றார், எதற்கு இவ்வளவு டென்ஷன் என்று. அண்ணன் "ஹவ் பாய்" என்று ஆமோதித்து, நோயாளி நான்தான் என்பதுபோல் என்னைக் காட்டினார். எரிச்சலாக வந்தது.

டாக்டரம்மா சென்னையில் படித்தவர், தமிழில் பேசினார். கிட்னியில் குறை இல்லை, கட்டி அதைச் சுற்றிப் படர்ந்திருக்கிறது, உரித்தெடுத்தால் மிச்சம் நிற்கும், மிச்சம் வளரும் என்றார். கீமோ இந்த வகைக்குப் பெரிதாகக் கேட்காதாம். முழுசாகச் சரியாகிவிடுமா என்று அண்ணன் கேட்டார்.

"சத்தியம் பண்ண மாட்டேன் சார். முழுசா எடுத்தாலும் திரும்ப வரலாம். ஆனா முதல் ஆபரேஷன்தான் நமக்கு நல்ல வாய்ப்பு."

திரும்பும்போது மெட்ரோவில் அண்ணன் ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று நான் ஜன்னலைப் பார்த்தேன். செகந்திராபாத் தாண்டியதும் கேட்டார்: "வலது கிட்னி டெஸ்ட்ல பாஸ்தானல?"

தலையாட்டினேன்.

"ஸ்டாண்ட்பை இருக்குல்லா. அப்ப எடுக்கச் சொல்லு."

எடுத்தார்கள். கட்டி துண்டாகாமல் முழுதாக வந்தது. வீரியம் குறைந்த வகை என்று ரிப்போர்ட் வந்தது. அன்றிரவு சாப்பிட்டேன்.

போகிறவர்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டோடு நிற்காமல், அதன் ஸ்லைடுகளையும், எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டிகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புது ஆஸ்பத்திரியில் மறுபடி பார்ப்பார்கள். ஸ்கேன் சிடியும் வேண்டும். சர்கோமா ஆபரேஷன் அடிக்கடி செய்கிறவர்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். திரும்பி வர டிக்கெட் முன்னாலேயே போடாதீர்கள், தேதி தள்ளிக்கொண்டே போகும்.

டிஸ்சார்ஜ் அன்று, சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வரச் சொன்னார்கள். எத்தனை வருடத்துக்கு என்று அண்ணன் அலுத்துக்கொண்டார்.

"என்னைத் திட்டிக்கிட்டே இருபது வருஷம் வாங்க சார்" என்றார் டாக்டரம்மா. "எனக்கு அது போதும்."